கொட்டிலில் நிற்கும் குதிரைக்கு இனிப்பு லிக்: எப்படித் தொங்கவிடுவது, எவ்வளவு நேரம் விடுவது?

லாயக்கதவு எழுதியது:

வணக்கம். இரண்டு குதிரைகள், அடுத்தடுத்த கொட்டில்கள். ஒன்று 9 வயது, காயடித்த ஆண், 480 கிலோ, தினமும் லேசான சவாரி. இன்னொன்று 14 வயது போனி, 260 கிலோ, கொஞ்சம் குண்டு, பிடரி மயிருக்குக் கீழே கழுத்து மேடு தடித்துக் கெட்டியாக இருக்கிறது. இரண்டுமே நாளில் 18 மணி நேரம் உள்ளேதான். சும்மா நிற்கும் நேரத்துக்கு ஏதாவது இருக்கட்டும் என்று, நடுவில் துளையுள்ள, கயிற்றில் கோத்துத் தொங்கவிடும் 650 கிராம் இனிப்பு லிக் (குதிரை நக்குவதற்கான கெட்டிக் கட்டி) ஆளுக்கொன்று போட்டேன். போனி பொறுமையாக நக்குகிறது. பெரியது நக்கவே இல்லை. சுவரோடு வைத்து அழுத்திக் கடித்து ஒரே இரவில் முடித்துவிட்டது.

கடிக்காமல் நக்க வைக்க என்ன செய்யலாம்? எந்த உயரத்தில் கட்டுவது? இரவு முழுக்க விடலாமா? போனிக்குத் தொடர்ந்து கொடுக்கலாமா? இரண்டுக்கும் உப்புக்கட்டி தனியாக வைத்திருக்கிறேன். இனிப்பு லிக்கில் தாதுக்கள் இருப்பதாகப் போட்டிருக்கிறது, அப்படியென்றால் உப்புக்கட்டியை எடுத்துவிடலாமா?

சேணப்பை எழுதியது:

முதலில் சர்க்கரைக் கணக்கு. இந்த வகை லிக்கெல்லாம் அடிப்படையில் குளுக்கோஸ் பாகும் மொலாசஸும் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்பாகு) காய்ச்சி அச்சில் ஊற்றிய கெட்டி மிட்டாய்தான். பையில் உள்ள லேபிளில் மொத்தச் சர்க்கரை என்ற வரியைப் பாருங்கள். 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 650 கிராமில் 455 கிராம் சர்க்கரை. உங்கள் 480 கிலோ குதிரை ஒரு நாளில் 9 கிலோ காய்ந்த புல் தின்கிறது, அதில் 10 சதவீதம் சர்க்கரை என்றால் 900 கிராம். ஆனால் அது நாரோடு சேர்ந்து, மென்று மென்று, 24 மணி நேரத்தில் உள்ளே போகிறது. அதில் பாதி அளவு நாரே இல்லாமல் ஒரே இரவில் போயிருக்கிறது. ஆரோக்கியமான குதிரை ஒரு தடவை தாங்கிக்கொள்ளும். அதையே வழக்கமாக்க வேண்டாம்.

அதனால் லிக்கை விளையாட்டுச் சாமானாக நினைக்காதீர்கள். அளந்து போடும் இனிப்புத் தீனி அது. சமையலறைத் தராசில் நிறுத்துவிட்டுத் தொங்கவிடுங்கள், 20 நிமிடம் கழித்து எடுத்து மறுபடி நிறுங்கள். எச்சில் ஒட்டியிருக்கும், துடைத்துவிட்டு நிறுத்தால் போதும். அந்த வித்தியாசம்தான் உங்கள் குதிரையின் வேகம். 30 முதல் 50 கிராமுக்குள் இருந்தால் தினம் ஒரு தடவை அந்த 20 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. 150 கிராம் போயிருந்தால் கடிக்கிறது என்று அர்த்தம். நேரத்தைக் குறைத்துப் பயனில்லை, தொங்கவிடும் முறையை மாற்றுங்கள்.

கடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சுவர்தான். தொங்குகிற பொருளை எதிலாவது முட்டுக்கொடுக்காமல் முன்பற்களால் பிடிக்க முடியாது. தொட்டால் நழுவிவிடும். உங்கள் குதிரை செய்ததும் அதுதான், சுவரில் அழுத்தி அசையாமல் நிறுத்திவிட்டுக் கடித்திருக்கிறது. மூலையில் தொங்கவிட்டால் இரண்டு சுவர், இன்னும் சுலபம். எல்லாச் சுவர்களிலிருந்தும் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி, சுற்றிலும் வெற்றிடமாக இருக்கிற இடத்தில் விடுங்கள். தீவனத் தொட்டி, கதவு விளிம்பு, புல் வலை எதுவும் அருகில் வேண்டாம். நக்கவே தெரியாத குதிரைக்கு மட்டும் முதல் சில தடவை சுவரோரமாக, நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு கொடுக்கலாம்.

புது லிக்கின் விளிம்பு கூர்மையாக இருக்கும், பல்லுக்கு வாகான இடமும் அதுதான். தொங்கவிடும் முன் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் விளிம்பைச் சுற்றித் தேய்த்து மழுங்கடியுங்கள். வழுவழுப்பானால் நாக்குக்குத்தான் வேலை.

உயரம்: குதிரை தலையை இயல்பாக வைத்து நிற்கும்போது மூக்கு எங்கே இருக்கிறதோ, லிக்கின் அடிப்பாகம் அங்கே இருக்க வேண்டும். அதற்குக் கீழே முடிச்சோ கயிற்று வாலோ நீண்டு தொங்கக் கூடாது. முன்காலால் தரையைப் பறிக்கிற குதிரை குளம்பை முழங்கை மட்டம் வரை சுலபமாகத் தூக்கும். எட்டுகிற தூரத்தில் ஒரு கண்ணி இருந்தால் கால் உள்ளே போய்விடும். லிக்குக்கு அடியில் போடும் முடிச்சுக்குப் பின் 5 செ.மீ. வால் விட்டு மீதியை வெட்டிவிடுங்கள். கயிறு ஒற்றையாக நேரே இறங்கட்டும், மடித்து இரட்டையாக வேண்டாம்.

மேலே திறந்த கொக்கி கூடவே கூடாது. மூடிய வளையமுள்ள ஐ போல்ட், மரச்சட்டத்தை ஊடுருவி மறுபக்கம் நட் போட்டதாக இருக்க வேண்டும். குதிரையின் முகம் எட்டும் உயரத்தில் கராபினரோ நாய்ச்சங்கிலிக் கொக்கியோ போடாதீர்கள். மூக்கு ஓரமும் இமையும் அதில் மாட்டிக் கிழிந்த பிறகு தையல்தான். ஹெட்காலரை (தலையில் மாட்டும் பட்டை) கழற்றாமல் லிக்கோடு தனியாக விடவே விடாதீர்கள்.

குளம்படி எழுதியது:

போனி பற்றி மட்டும் சொல்கிறேன், அதுதான் அவசரம்.

எடுத்துவிடுங்கள், இன்றைக்கே. குண்டான போனி, கெட்டியான கழுத்து மேடு என்றாலே இன்சுலின் கோளாறு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் தீனி போட வேண்டும், இரத்தப் பரிசோதனையில் இல்லை என்று தெரியும் வரை. இப்படிப்பட்ட குதிரைக்குச் சர்க்கரை ஏறினால் இன்சுலின் எகிறும், அந்த இன்சுலினே லாமினைட்டிஸை (குளம்புக்குள் வரும் வலிமிகுந்த அழற்சி) கொண்டுவரும். பொறுமையாக நக்குகிறது என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. இவற்றுக்கு மொத்தத் தீனியிலேயே சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறோம். அதில் 70 சதவீதச் சர்க்கரைக் கட்டிக்கு இடமே கிடையாது. வயதான, கஷிங் நோய் (ஒரு ஹார்மோன் கோளாறு) உள்ள குதிரைக்கும் இதுவேதான்.

முன்கால்களை மாற்றி மாற்றி ஊன்றுவது, திரும்பும்போது தயங்குவது, குளம்பு சூடாக இருப்பது, கணுக்காலுக்குக் கீழே நாடி பலமாகத் துடிப்பது, இவற்றில் ஏதாவது தெரிந்தால் வெட்டை (கால்நடை மருத்துவரை) கூப்பிடுங்கள். நடக்க வைத்துப் பார்க்க வேண்டாம்.

பொழுதுபோக்குக்குப் புல்லையே பயன்படுத்துங்கள். போனியின் அன்றாடப் புல்லை மூன்றாகப் பிரித்து, சிறு கண் வலைகளில், கொட்டிலின் மூன்று மூலைகளில் போடுங்கள். நடந்து நடந்து தின்னும். ஒரு மணி நேரம் நீரில் ஊறவைத்து வடித்தால் சர்க்கரை ஓரளவு கரைந்து போகும். அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாமல் கொட்டிவிடுங்கள். உடம்பைக் குறைக்கிறேன் என்று புல்லை அளவுக்கு மீறிக் குறைக்கவும் கூடாது. உலர் எடையில் உடல் எடையின் 1.5 சதவீதத்துக்குக் கீழே போக வேண்டாம். 260 கிலோவுக்கு அது ஏறக்குறைய 4 கிலோ.

நக்குவதற்கு ஏதாவது வேண்டும்தான் என்றால், உலர்ந்த புதினா போட்ட தண்ணீரைச் சிறு வாளியில் உறைய வைத்து, வாளியைக் கவிழ்த்துப் பனிக்கட்டியை மட்டும் ரப்பர் தொட்டியில் போடுங்கள். கயிறு, குச்சி எதையும் உள்ளே வைத்து உறைய வைக்க வேண்டாம்.

இன்னொன்று: சர்க்கரை சேர்க்கப்படவில்லை என்று போட்டிருக்கும் லிக்குகளை அப்படியே நம்பாதீர்கள். மொலாசஸ் இல்லாமல் தானிய மாவும் பழக்கூழும் கட்டிய கட்டிக்கும் அந்த வாசகம் பொருந்தும். சர்க்கரை, மாவுச்சத்து இரண்டின் சதவீதமும் லேபிளில் இல்லையென்றால் போனிக்கு வாங்காதீர்கள்.

உலர்புல் எழுதியது:

உப்புக்கட்டியை எடுக்க வேண்டாம். இனிப்பு லிக்கில் தாதுக்கள் இருப்பது விளம்பரத்துக்கு. 40 கிராம் நக்கினால் அதில் எவ்வளவு வந்துவிடும்?

வேலை இல்லாத 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளில் 10 கிராம் சோடியம் தேவை, அதாவது 25 கிராம் உப்பு. வியர்த்தால் கூடும். குதிரையின் வியர்வை ஒரு லிட்டரில் 10 கிராம் அளவுக்கு உப்புகள் வெளியேறும். கெட்டியான உப்புக்கட்டிகள் மாட்டின் சொரசொர நாக்குக்காக அழுத்திச் செய்தவை. குதிரையின் நாக்கு வழவழப்பானது, பல குதிரைகள் நக்கித் தேவையான அளவை எடுப்பதே இல்லை. சில குதிரைகள் எரிச்சலில் கடிக்க ஆரம்பிக்கும். அதனால் கட்டி ஒரு பக்கம் இருந்தாலும் தூள் உப்பை ஈரத் தீனியில் கலந்து கொடுங்கள். பெரிய குதிரைக்கு 25 கிராம், போனிக்கு 13 கிராம். ஒரேயடியாகப் போட்டால் முகர்ந்துவிட்டுத் தொட்டியைத் தள்ளிவிடும். 5 கிராமில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் ஏற்றுங்கள். உப்பு போகும் இடத்தில் சுத்தமான தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாடு, ஆடுகளுக்கான தாது உப்புக்கட்டியைக் குதிரைக் கொட்டிலில் வைக்கவே கூடாது. மாட்டுக்குரிய சிலவற்றில் மோனென்சின் அல்லது லாசலோசிட் என்ற தீவன மருந்து இருக்கும். குதிரைக்கு மோனென்சின் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் போனாலே உயிருக்கு ஆபத்து. இதயத் தசையைக் கெடுத்துவிடும், மாற்று மருந்து கிடையாது. ஆட்டுக்கட்டியில் செம்பு குறைவு, யூரியா சேர்த்ததும் உண்டு. ஒரே கிடங்கில் எல்லாக் கட்டியும் அடுக்கி வைத்திருப்பவர்கள் உறையைக் கழற்றிப் போடாதீர்கள், உரித்த பிறகு எல்லாம் ஒரே பழுப்பு நிறம்தான்.

தாதுக் கலவை ஏற்கெனவே தீனியில் கொடுக்கிறீர்கள் என்றால் செலினியம் உள்ள இன்னொரு கட்டி வேண்டாம். 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு 1 மில்லிகிராம் செலினியம் போதும். மாதக்கணக்கில் மிகுந்தால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும், குளம்பில் குறுக்கு வளையங்கள் விழும். சாதா வெள்ளை உப்போ பாறை உப்போ இந்தக் கவலை இல்லாதவை.

குவார்ட்டர் ஹார்ஸ் இன இரத்தம் உள்ள குதிரை வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால்: எச்.ஒய்.பி.பி. என்ற மரபு நோய் உள்ள குதிரைக்கு மொலாசஸ் லிக் கூடவே கூடாது. மொலாசஸில் பொட்டாசியம் அதிகம், தசை நடுக்கமும் தளர்ச்சியும் வரும்.

லாயக்கதவு எழுதியது:

போனியின் லிக்கைக் கழற்றிவிட்டேன். பெரியதுக்கு வந்த சிக்கல்: கூரைச் சட்டம் 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கட்டினால் லிக் ஊஞ்சல் மாதிரி ஆடி எல்லாச் சுவரிலும் இடிக்கிறது. சுவரில் திருகும் கிண்ணம் மாதிரியான தாங்கி வாங்கலாமா? கயிறு இழுபட்டால் அறுந்துவிடட்டும் என்று புல்கட்டு கட்டும் சணலால் நடுவில் ஒரு இணைப்பு போட்டிருக்கிறேன், அது சரியா? அடுத்து ஒரு போட்டி வருகிறது, அதற்கு முன் நிறுத்த வேண்டுமா?

சேணப்பை எழுதியது:

ஆட்டம் கயிற்று நீளத்தால் வருவது. நீளம் குறைந்தால் வீச்சும் குறையும். குதிரை தலையை முழுக்கத் தூக்கினாலும் காது படாத உயரத்தில் சுவருக்குச் சுவர் ஒரு இரும்புக் குழாயோ மரச்சட்டமோ குறுக்கே போட்டு, அதன் நடுவிலிருந்து இறக்குங்கள். கயிறு ஒரு மீட்டர் சொச்சம்தான் வரும்.

அதற்கு வசதி இல்லையென்றால் சுவர்த் தாங்கி நல்லது. கடிக்கும் குதிரைக்கு அதுவே மேல் என்பேன். லிக்கின் ஒரு முகம் மட்டும் வெளியே தெரியும், பல் வைக்க விளிம்பு கிடைக்காது. மார்பு உயரத்துக்கும் வாய் உயரத்துக்கும் இடையே, மூலையை ஒட்டிப் பொருத்துங்கள். சுவர் நடுவில் பிதுக்கமாக எது இருந்தாலும் குதிரை எழும்போதும் திரும்பும்போதும் இடுப்பையும் கண்ணையும் அதில் இடிக்கும். திருகுத் தலை வெளியே நீட்டக் கூடாது. லிக் தேய்ந்து தாங்கியின் விளிம்புக்கு உள்ளே போனதும் குதிரை பிளாஸ்டிக்கைச் சுரண்ட ஆரம்பிக்கும், அப்போதே மாற்றிவிடுங்கள். விரிசல் விட்ட தாங்கியை ஒட்டுப்போட்டு வைக்க வேண்டாம்.

வெள்ளைப்பிடரி எழுதியது:

சணல் இணைப்பு பற்றி. அது நிஜச் சணல்தானா என்று பாருங்கள். பெரிய கட்டுகளில் வருவது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், குதிரை இழுத்தாலும் எளிதில் அறுகாது. சோதனை எளிது: இணைப்பைப் போட்டுவிட்டு நீங்களே கயிற்றைப் பிடித்துத் தொங்குங்கள். உங்கள் எடைக்கு அறுந்தால் சரி. அறுகவில்லை என்றால் அந்த இழையைப் பிரித்து, நாலில் ஒரு பங்கை மட்டும் வைத்து முடிச்சுப் போட்டு மறுபடி தொங்கிப் பாருங்கள். இணைப்பு மேலே, ஐ போல்ட்டுக்கும் கயிற்றுக்கும் நடுவில் இருக்கட்டும். அறுந்தால் கயிறு முழுவதும் தரையில் விழும், அதைக் குதிரையோடு இரவு முழுக்க விட முடியாது. ஆள் இல்லாத நேரத்தில் தொங்கும் லிக் வேண்டாம் என்று சொல்வது இதற்காகவும்தான். சர்க்கரை மட்டும் காரணம் இல்லை.

கொடுக்கும் நேரம் பற்றி யாரும் சொல்லவில்லை. வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். புல் போட்டு அது ஓரளவு தின்ற பிறகு கொடுங்கள். குதிரையின் வயிற்றில் அமிலம் எந்நேரமும் சுரந்துகொண்டே இருக்கும், புல் இல்லாத இடைவெளியை லிக் நிரப்பாது. கிரிப்பிங் (கட்டையைப் பல்லால் கவ்விக் காற்றை இழுப்பது) பழக்கம் உள்ள குதிரைகள் இனிப்பு தின்றவுடன் இன்னும் கூடுதலாகக் கட்டையைக் கவ்வும். அவற்றுக்கு லிக் தீர்வே இல்லை. சுவரிலும் கதவிலும் ஒட்டிய இனிப்பைத் துடைக்காமல் விட்டால், கிரிப்பிங் இல்லாத குதிரையும் மரத்தைச் சுரண்டப் பழகிக்கொள்ளும்.

வாயையும் பாருங்கள். நாக்கில் சிவந்து புண்ணாகி இருந்தால், அல்லது தீனியை மென்று உருண்டையாகத் துப்பினால், ஆறும் வரை எந்தக் கட்டியும் வேண்டாம். முன்பற்கள் ஆடும் வயதான குதிரைக்குக் கெட்டி லிக் ஆகாது.

லிக் தேய்ந்து துளையைச் சுற்றி 2 செ.மீ. அளவுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். அதுவரை ஒழுங்காக நக்கிய குதிரைகூட அந்தக் கட்டத்தில் ஒரே கடியில் பெயர்த்து எடுத்துவிடும், துண்டு தொண்டையில் நிற்கும். மூக்கிலிருந்து எச்சிலும் தீனியும் வழிவது, கழுத்தை நீட்டி நீட்டி ஓங்கரிப்பது, இருமல், இதெல்லாம் தொண்டை அடைப்பின் அடையாளம். புல், தண்ணீர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தலை தாழ்ந்திருக்கும்படி அமைதியாக நிறுத்தி, வெட்டைக் கூப்பிடுங்கள். வாயில் ஹோஸ் வைத்துத் தண்ணீர் அடிக்கக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். கழற்றிய மிச்சத்தைச் சுத்தியலால் உடைத்து வெந்நீரில் கரைத்து வைத்துக்கொண்டால், மருந்துப் பொடி கலக்கும்போது ஈரத் தீனியில் இரண்டு கரண்டி ஊற்றலாம்.

உலர்புல் எழுதியது:

போட்டிக் கேள்விக்கு. நிறுத்துவதா வேண்டாமா என்பது அந்த லிக்கில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கொக்கோ கலந்திருந்தால் தியோப்ரோமின், கஃபீன் இரண்டும் ஊக்கமருந்துச் சோதனையில் அகப்படும். தடைசெய்த பொருள்கள் இயற்கையாகவே தீனியில் கலந்து வருவதும் உண்டு, உதாரணமாகக் கசகசாச் செடி கலந்த தானியத்திலிருந்து மார்பின். அதனால் போட்டிக் குதிரைக்கு, இந்தக் கலப்புக்காகச் சோதித்த சான்று உறையில் உள்ள லிக் மட்டும். உறையையும் தொகுதி எண்ணையும் பத்திரப்படுத்துங்கள், பிரச்சினை வந்தால் கேட்பார்கள். போட்டிக்குப் போன இடத்தில் முந்தைய குதிரை விட்டுவிட்டுப் போன லிக் கொட்டிலில் தொங்கினால் முதல் வேலையாகக் கழற்றிக் கொட்டிலுக்கு வெளியே போடுங்கள். ஸ்ட்ராங்கிள்ஸ் (தொண்டையோரம் கட்டி வரும் குதிரைக் காய்ச்சல்) போன்ற தொற்று அடுத்த குதிரைக்குப் போக அந்த எச்சிலே போதும். உங்கள் லாயத்திலும் ஒரு குதிரைக்கு ஒரு லிக், ஒரு தாங்கி. மாற்றிப் போட வேண்டாம்.

லாயக்கதவு எழுதியது:

சுவர்த் தாங்கியே போடுகிறேன். 20 நிமிடம் முடிந்து எடுத்த லிக்கை அடுத்த நாள் வரை எப்படி வைப்பது? திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் எறும்பு மொய்த்துவிடுகிறது.

வெள்ளைப்பிடரி எழுதியது:

எச்சிலோடு மூடி வைத்தால் கசிந்து பசையாகிவிடும். தாங்கியோடு கழற்றி, குளிர்ந்த தண்ணீரில் ஒரு விநாடி அலசி, துணியால் ஒற்றி, காற்று படும் இடத்தில் ஒரு மணி நேரம் காயவிடுங்கள். அதுவரை எறும்பு வராமல் இருக்க ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் கவிழ்த்த கிண்ணத்தின் மேல் வைக்கலாம். மேல்பரப்பு கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும், இறுக்கமான மூடியுள்ள டப்பாவில், எலி ஏறாத இடத்தில். டப்பாவின் மேல் குதிரையின் பெயரையும் கடைசியாக நிறுத்த எடையையும் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த நாள் வேறு யாராவது கொடுக்க நேர்ந்தால் எத்தனை கிராம் போயிருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும்.